பங்கோர் மலையில் சிவசம்பு சொன்னது

திங்கட்கிழமை சாயங்காலம் ஆனால் விநாயகமூர்த்தியைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தேடிப் பயனில்லை. ரயில்வே ஆபீஸ் விட்டதும் பழைய கான்வாஸ் சப்பாத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு வாரம் புக்கிட் லகோங் காடு, ஒரு வாரம் பூச்சோங் பக்கத்து ரப்பர் தோட்டம், இன்னொரு வாரம் உலு கோம்பாக். ஓட்டக் குழுவில் யாராவது ஒருவர் முன்கூட்டியே காட்டுக்குள் போய் வழியெல்லாம் காகிதத் துண்டுகளைப் போட்டு வைத்திருப்பார். மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டே மேடும் பள்ளமும் ஏறி இறங்கி ஓடவேண்டும். காகிதத்தைக் கண்டவர் 'ஆன் ஆன்' என்று கத்துவார். பின்னால் வருகிறவர்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பழக்கம் இது. எழுபதுகளில் கிளார்க்குகளும் வாத்தியார்களும் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர்களும் நிறையச் சேர்ந்துவிட்டார்கள். முதலில் வந்தவருக்குப் பரிசு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. முட்டியில் பிரம்பு முள்ளும் காலில் அட்டைக்கடியும்தான் எல்லாருக்கும் பொதுவான பரிசு.

விநாயகமூர்த்தி நன்றாக ஓடுவார். மெலிந்த உடம்பு, நீளமான கால்கள். மேடு ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் எப்போதும் கடைசியில்தான் வந்து சேருவார். காரணம் சிவசம்பு.

சிவசம்பு கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். குண்டு என்று சொல்ல முடியாது, ஆனால் ஓடுவதற்கென்று பிறந்த உடம்பும் இல்லை. சேர்ந்த முதல் நாளே சுங்கை வே பக்கத்தில் பழைய ஈயக்குட்டை ஒன்றின் சேற்றில் இடுப்புவரை இறங்கிவிட்டார். மற்றவர்கள் ஓடிப்போய்விட, விநாயகமூர்த்திதான் திரும்பி வந்து ஒரு மரக்கிளையை நீட்டி இழுத்துப்போட்டார். சேற்றோடு கிள்ளான் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அன்றைக்குக் குளிக்கத் தண்ணீர் எடுத்து வைத்தது விநாயகமூர்த்தியின் தங்கை பூரணம். அடுத்த வருஷம் ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலில் அவளுக்கும் சிவசம்புவுக்கும் கல்யாணம் நடந்தது.

"என் மாப்பிள்ளையைச் சேத்துல இருந்து புடிச்சுக்கிட்டு வந்தேன்" என்று விநாயகமூர்த்தி கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது பூரணம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் படிக்கவைத்து, டைப்ரைட்டிங் கற்கவைத்து, போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்கு அனுப்பியவர் விநாயகமூர்த்தி. அவள் கிள்ளானில் குடித்தனம் போனபிறகு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வீட்டில் அவர் மட்டும் இருந்தார். தனக்கு ஒரு கல்யாணம் என்று யோசிக்க நேரம் வந்தபோது வயது கடந்துவிட்டதாக அவரே முடிவு செய்துகொண்டார். அவருடைய வாரத்தில் திங்கட்கிழமை மட்டும்தான் திருநாள். அன்றைக்கு மச்சானோடு காட்டுக்குள் இருக்கலாம்.

சிவசம்பு ஓடும்போதும் பேசுவார். மேட்டில் மூச்சு முட்டும்போதும் பேசுவார். "மச்சான், இந்த மேட்டுத் தண்ணி எங்க போகும் தெரியுமா? இந்தப் பக்கம் விழுந்தா கிள்ளான் ஆறு. அந்தப் பக்கம் விழுந்தா லங்காட் ஆறு. ஒரே மழை, ரெண்டு கடல் வாய்" என்பார். "முதல்ல நீ காலைப் பாத்து வை, சம்பு" என்பார் விநாயகமூர்த்தி. மகள் ரமணி பிறந்த மறுவாரம் சிவசம்பு காடு முழுக்க அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினார். காகிதத்தைக் கண்டுவிட்டார் என்று நினைத்து முன்னால் போனவர்கள் எல்லாம் திரும்பி ஓடிவந்து திட்டினார்கள்.

1979 ஆகஸ்ட் கடைசியில், மெர்டேக்கா சுதந்திர நாள் லீவில், குழுவினர் பங்கோர் தீவுக்குப் போய் ஓடுவதென்று ஏற்பாடாயிற்று. லூமுட்வரை பஸ், அங்கிருந்து பெர்ரி. தீவின் மேற்குக் கடற்கரையில் புறப்பட்டு, நடு மலையில் ஏறி, முகட்டோடே போய், பள்ளத்தாக்குகளில் இறங்கி, கிழக்குப் பக்கத்து மீனவக் கம்பத்துக் குடியிருப்பில் முடிக்கவேண்டும். சிவசம்புவுக்கு அந்த வாரம் காய்ச்சல் வந்து அப்போதுதான் விட்டிருந்தது. பூரணம் வேண்டாம் என்றாள்.

"பிள்ளைங்களுக்குத் தீவு தீவுன்னு பாடம் நடத்துறேன். ஒரு தீவோட முதுகெலும்பு மேல நான் ஓடினதில்ல. விடு பூரணம்" என்றார் அவர்.

"அண்ணா, நீங்க பாத்துக்குங்க" என்று பூரணம் அண்ணனிடம் சொல்லி அனுப்பினாள்.

அன்று காலையில் காற்றே இல்லை. கடற்கரையிலிருந்து மேடு தொடங்கியதும் மரங்கள் அடைத்துக்கொண்டன. வெக்கை தரையிலிருந்து எழுந்து முகத்தில் அறைந்தது. அந்தக் காலத்தில் யாரும் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை, முடிவிடத்தில் குடிக்கலாம் என்பதுதான் வழக்கம். முன்னால் போனவர்களின் 'ஆன் ஆன்' கொஞ்ச நேரம் கேட்டது. முகட்டில் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் காகிதத்தைக் காணோம். குரல் இடது பக்கப் பள்ளத்திலிருந்து வந்ததுபோல இருந்தது, இருவரும் அந்தப் பக்கம் போனார்கள். ஆனால் அங்கே மலை, குரலைப் பந்துபோல எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. வெகுதூரம் போனபிறகுதான் தெரிந்தது, தவறான முகடு. திரும்பி ஏறினார்கள். அப்போது குரலே இல்லை.

ஏறும்போது சிவசம்பு பேசவில்லை. அதுதான் விநாயகமூர்த்தியைத் திரும்பிப் பார்க்கவைத்தது. முகம் சிவந்து கிடந்தது. அதுவரை சொட்டச் சொட்ட நனைந்திருந்த நெற்றி காய்ந்துபோயிருந்தது. கையைத் தொட்டால் அடுப்பைத் தொட்டதுபோல் இருந்தது.

"சம்பு, உக்காரு."

"மேட்டுத் தண்ணி..." என்று ஏதோ தொடங்கிய சிவசம்பு கால் மடங்கி உட்கார்ந்தார். பிறகு சாய்ந்துவிட்டார்.

விநாயகமூர்த்தி அவரைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டார். சரிவில் சில அடிகள்தான் போக முடிந்தது. பெர்த்தாம் பனையின் முள் இருவரையும் கிழித்தது, கால் வழுக்கி இருவரும் விழுந்தார்கள். பாறையிடுக்கில் கசிந்த ஈரத்தில் பனியனைத் தோய்த்துப் பிழிந்து சிவசம்புவின் வாயில் விட்டார், முகத்தில் போட்டார். கத்தினார். 'ஆன் ஆன்' என்று கத்தினார், 'ஹெல்ப்' என்று கத்தினார், மலாயில் 'தோலோங்' என்று கத்தினார். காடு எதற்கும் பதில் சொல்லவில்லை.

இனி ஓடிப்போய் ஆள் கொண்டு வருவதைத் தவிர வழியில்லை என்று அவருக்குப் புரிந்தது. எழுந்தார். சிவசம்பு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் அவருக்குத் தெளிவு வந்திருந்தது. கண் நேராகப் பார்த்தது.

"மச்சான், போகாதே."

"நான் போனாத்தான் ஆள் வரும் சம்பு. இப்ப வந்துடுவேன்."

"பயமா இருக்கு. போகாதே மச்சான்."

விநாயகமூர்த்தி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். பிறகு ஓடினார்.

வாழ்க்கையில் அவர் அப்படி ஓடியதில்லை. பாதையைப் பார்க்கவில்லை. கடல் தெரிந்த பக்கம் நேராக இறங்கினார். ஓடையில் விழுந்து எழுந்தார். ஒரு சப்பாத்து எங்கேயோ சேற்றில் கழன்றது, விட்டுவிட்டு ஓடினார். கிழக்குக் கரையில் நெத்திலி காயப்போடும் கொட்டகை ஒன்றுக்குள் அவர் வந்து விழுந்தபோது, அங்கே வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் தமிழர். நாகையா என்று பெயர். விநாயகமூர்த்தி மலையைக் காட்டினாரே தவிர அவருக்குப் பேச்சு வரவில்லை. நாகையாவும் மூன்று மலாய்க்காரர்களும் கான்வாஸ் படுதாவையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஏறினார்கள். விநாயகமூர்த்தி ஒற்றைச் சப்பாத்தோடு முன்னால் வழிகாட்டினார்.

சிவசம்பு விட்ட இடத்தில் இல்லை. கொஞ்சம் கீழே, விநாயகமூர்த்தி இறங்கி ஓடிய பக்கமாக, இலைச்சருகில் தவழ்ந்த தடம் இருந்தது. தடம் முடிந்த இடத்தில் அவர் குப்புறக் கிடந்தார். கையில் மண் இருந்தது. உயிர் இல்லை.

கிள்ளானில் வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்த அன்று பூரணம் அழவில்லை. அண்ணன் வாசலில் நின்றதும் எழுந்து வந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அண்ணா, நீங்க அவர் பக்கத்துல இருந்தீங்க இல்ல?"



"இருந்தேன்மா."

"கடைசியில என்ன சொன்னார்?"

"உன்னையும் ரமணியையும் நான் என்னோட வச்சுப் பாத்துக்கணும்னு சொன்னார். வேற எங்கயும் விட்டுடாதேன்னார். அப்புறம் தூங்குற மாதிரி போயிட்டார். கஷ்டப்படல."

அதைக் கேட்டபிறகுதான் பூரணம் அழுதாள். அழுதபோது அவள் முகத்தில் ஒரு ஆறுதல் இருந்ததை அவர் கண்டார். அந்த நேரத்தில் அந்தப் பொய் ஒரு மருந்துபோல அவருக்குத் தோன்றியது. உண்மையைச் சொல்லி இவளுக்கு என்ன ஆகப்போகிறது?

பூரணமும் ஆறு வயது ரமணியும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தார்கள். விநாயகமூர்த்தி குழுவுக்குப் போவதை நிறுத்தினார். கூட ஓடியவர்கள் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்தார்கள், அவர் அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிட்டார். பிறகு அவர்களும் வரவில்லை. அந்த மலையில் நடந்ததைச் சொல்லக்கூடியவர்கள் யாரும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

உள்ளே அந்தப் பொய் வளர்ந்தது. அதை வளர்த்தது அவர்கூட இல்லை, பூரணம்தான். ரமணிக்குச் சோறு ஊட்டும்போது சொல்வாள்: "அப்பா மாமா மடியில தலை வச்சுப் படுத்துக்கிட்டு, என் ரமணிக்குட்டியைப் பாத்துக்கன்னு சொன்னாராம்." மடி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் தானாகச் சேர்த்துக்கொண்டாள். அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த விநாயகமூர்த்தி அந்த இடம் வரும்போதெல்லாம் எழுந்து பின்பக்கம் போய்விடுவார். குழாயைத் திறந்து முகம் கழுவுவார். "மாமாவுக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சு" என்பாள் ரமணி.

சிவசம்புவோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். சபாபதி என்று பெயர், பந்திங் ஊர்க்காரர். மனைவி பிரசவத்தில் இறந்துபோயிருந்தாள், குழந்தையும் தங்கவில்லை. சிவசம்பு போன பிறகு சனிக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து ரமணிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அதிகம் பேசமாட்டார். பூரணம் கொடுக்கும் தேநீரை எழுந்து நின்று வாங்கிக்கொள்வார். பூரணம் சனிக்கிழமைகளில் தலைவாரி ஒரு நல்ல புடவையாக உடுத்திக்கொள்ளத் தொடங்கியதை விநாயகமூர்த்தி கவனித்தார். அவள் தனக்கே தெரியாமல் அதைச் செய்தாள்.

1983இல் ஒருநாள், கோயில் வெளிப்பிரகாரத்தில் வைத்து சபாபதி கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னா... நான் பூரணத்தைக் கல்யாணம் பண்ணிக்க விரும்புறேன். ரமணி என் பிள்ளையா இருப்பா. நீங்க அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

விநாயகமூர்த்தி வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்று சொன்னார். பூரணம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவள் கை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. கழுத்திலிருந்து முகம்வரை ஒரு சிவப்பு ஏறியது. அவளுக்கு முப்பத்தேழு வயது. அந்த நிமிஷம் அவள் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போன பெண்ணைப்போல இருந்தாள்.

அந்தச் சிவப்பு இறங்கியது.

"அது எப்படி அண்ணா முடியும்? அவர் என்னை உங்ககிட்ட ஒப்படைச்சிட்டுப் போயிருக்கார். கடைசி வார்த்தையா சொல்லிட்டுப் போனதை நான் மீறலாமா?"

பூரணம் தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள்.

"நீங்களே சொல்லுங்க. வேற எங்கயும் விட்டுடாதேன்னுதானே சொன்னார்?"

அவள் தலையை நிமிர்த்தி அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டோமா என்பதுபோல அந்தப் பார்வை இருந்தது.

அவர் மனசுக்குள் அப்போது இரண்டு விஷயங்கள் ஓடின. ஒன்று, உண்மையைச் சொன்னால் அந்த மலையையும் சொல்லவேண்டும், பிரித்தெடுத்த விரல்களையும் சொல்லவேண்டும். இன்னொன்றைப் பிற்பாடு நினைக்கும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆபீஸ் விட்டு வரும்போது வீட்டில் விளக்கு எரிகிறது. குசினியில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்கிறது. ஒரு பிள்ளை 'மாமா வந்தாச்சு' என்று கத்துகிறது. இவர்கள் போய்விட்டால் மறுபடியும் பழைய இருட்டு வீடு.

"ஆமாம்மா. அப்படித்தான் சொன்னார்" என்றார்.

பூரணம் தலையைக் குனிந்து அரிசி களைந்தாள்.

சபாபதி அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ரமணியின் கணக்குப் பாடம் பாதியில் நிற்கக்கூடாது என்று அந்த வருஷம் முடியும்வரை வந்தார். பிறகு தைப்பிங்குக்கு மாற்றலாகிப் போனார். அங்கே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று பூரணம் வீடு முழுக்கக் கழுவித் துடைத்தாள், சாப்பிடவில்லை. சனிக்கிழமைப் புடவைகள் பெட்டிக்குள் போயின.

ரமணி வளர்ந்தாள். பூரணத்துக்கு முன்நெற்றியில் நரை விழுந்தது. ஆறாம் படிவப் பரீட்சை முடிந்த லீவில், 1991இல், ரமணி ஒருநாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"மாமா, அப்பா செத்த இடத்தை நான் பாக்கணும். நீங்க கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

"அங்க என்ன இருக்கு? காடுதான்."

"காட்டைத்தான் பாக்கணும். அப்பா ஓடின காடு."

பூரணமும் சேர்ந்துகொண்டாள். "எனக்கும் ஒரு தடவை பாக்கணும் அண்ணா. நீங்க அவரை மடியில வச்சிருந்த இடத்துல ஒரு சூடம் ஏத்திட்டு வந்துடுறேன்."

அவர் ஆபீஸில் லீவு இல்லை என்றார், முழங்கால் வலி என்றார். சாக்குகள் தீர்ந்துபோயின. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, அங்கே யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

பெர்ரியிலிருந்து இறங்கியதும் படகுத்துறையிலேயே ஒரு குரல் கேட்டது.

"சார்! ஓடி வந்த சார்தானே நீங்க?"

நாகையா. தலை முழுக்க நரைத்திருந்தது. ஓடிவந்து விநாயகமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பூரணத்தைப் பார்த்தார்.

"இவங்க?"

"என் தங்கச்சி" என்றார் விநாயகமூர்த்தி. வேறு எதுவும் சொல்ல வரவில்லை.

"அம்மா, உங்க அண்ணன் சாதாரண ஆளு இல்ல. நான் இந்தத் தீவுலயே பொறந்து வளந்தவன். அந்த மலையில இருந்து அப்படி ஒரு மனுசன் ஓடி வந்ததை நான் பாத்ததே இல்லம்மா. ஒரு கால்ல சப்பாத்து இல்ல, ரத்தமா ஒழுகுது, வாயில பேச்சு வரல. கையை மட்டும் மேல காட்டுறார். நாங்க படுதாவைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். என்ன பிரயோசனம்? போறதுக்குள்ள அந்த சார் போயிட்டார். பாவம், தனியாக் கிடந்து... இவர் இறங்கி வந்த பக்கமாவே கொஞ்ச தூரம் தவழ்ந்து வந்திருந்தார். அந்தத் தடத்தைப் பாத்துட்டு இவர் கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. அதைத்தான் என் பிள்ளைங்ககிட்ட எல்லாம் சொல்லுவேன். ஒருத்தரைக் காப்பாத்தணும்னா இப்படி ஓடணும்னு."

புகழ்ந்துதான் சொன்னார். ரமணி மாமாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பூரணம் நாகையாவைப் பார்த்து, அமைதியான குரலில் கேட்டாள்.

"அந்த இடத்தைக் காட்ட முடியுமா அண்ணே?"

நால்வரும் ஏறினார்கள். பூரணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நாகையாவுக்குப் பின்னால் முதல் ஆளாகப் போனாள். வழுக்கிய இடத்தில் விநாயகமூர்த்தி கை நீட்டினார். அவள் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முகட்டில் காற்று வீசியது. மரங்களின் இடைவெளியில் இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. நாகையா இடத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். அங்கே ஒன்றும் இல்லை. சருகும் ஒரு சாய்ந்த மரமும்தான்.

பூரணம் கொண்டுவந்த சூடத்தை ஏற்றவில்லை. தரையில் உட்கார்ந்தாள்.

"என்னதான் சொன்னார் அண்ணா? இப்பவாவது சொல்லுங்க."

விநாயகமூர்த்தி நின்றபடியே சொன்னார். "போகாதேன்னு சொன்னார். பயமா இருக்குன்னார். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். நான் விடுவிச்சுக்கிட்டு ஓடினேன்."

"நீங்க ஓடினது தப்புன்னு நான் சொல்லல. யாரா இருந்தாலும் ஓடத்தான் ஓடணும்."

அவர் அழத் தொடங்கினார். அவள் அழவில்லை.

"அவர் நிம்மதியா தூங்கிட்டார்னு நினைச்சு இத்தனை வருஷம் நான் நிம்மதியா தூங்கியிருக்கேன். அவர் இங்க பயந்து தவழ்ந்திருக்கார். எனக்குத் தெரியாது." கையால் சருகைத் தடவினாள். "உங்களுக்குத் தெரியும்."

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்மா..."

"சரி. அன்னிக்கு அப்படிச் சொன்னீங்க. அதை நான் மன்னிச்சிடலாம்." அவள் தலையை நிமிர்த்தினாள். "சபாபதி சார் கேட்டப்ப நான் உங்க மூஞ்சியைப் பாத்துக் கேட்டேனே அண்ணா. அப்ப ஏன் சொல்லல?"

அவரிடம் பதில் இருந்தது. விளக்கு, கடுகு சத்தம், மாமா வந்தாச்சு. அதை வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை. சொல்லாமலேயே அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். எழுந்து, ரமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினாள்.

அந்த மாசமே பூரணம் கிள்ளானில் ஒரு வீட்டின் மாடியை வாடகைக்கு எடுத்தாள். சண்டை போடவில்லை. அண்ணனின் சட்டைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் அடுக்கிவைத்தாள். ஒரு வாரத்துக்கான பொடி வறுத்து அரைத்துப் போத்தலில் போட்டாள். லோரி வந்தபோது, "உடம்பைப் பாத்துக்குங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள். ரமணி மட்டும் திரும்பி வந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

சில வருஷம் கழித்து குவார்ட்டர்ஸை இடிப்பதாகச் சொன்னார்கள். விநாயகமூர்த்தி ரிட்டயர் ஆகி, சுங்கை வேயில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் போனார். முன்பு ஈயக்குட்டை இருந்த பக்கம் முழுக்க ஃபேக்டரிகள் எழும்பியிருந்தன. சபாபதி தைப்பிங்கில் மாரடைப்பில் இறந்துபோனார் என்று பேப்பரில் பார்த்தார். அதைப் பூரணத்துக்குச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் போன் போட்டுச் சொன்னார்.

"தெரியும். போயிட்டு வந்தேன்" என்றாள் பூரணம். "அவர் மனைவி நல்லவங்க. எனக்கு டீ போட்டுக் குடுத்தாங்க."

"தனியாவா போனே?"

"தனியாத்தான் போனேன்." வைத்துவிட்டாள்.

ரமணியின் கல்யாணம் 1998இல் கிள்ளானில் நடந்தது. தாரை வார்த்துக் கொடுக்க சிரம்பானிலிருந்து ஒன்றுவிட்ட சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். தாய்மாமன் செய்யவேண்டியதை விநாயகமூர்த்தி செய்தார். ரமணிதான் பிடிவாதமாகக் கூப்பிட்டிருந்தாள். பூரணம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தாலி கட்டியபிறகு போட்டோக்காரப் பையன் குடும்பத்தை மேடையில் நிறுத்தினான். பொண்ணு மாப்பிள்ளைக்கு ஒரு பக்கம் பூரணம், அவளுக்கு அடுத்து விநாயகமூர்த்தி. இருவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கும் இடம் இருந்தது.

"அங்கிள், ஆன்டி, கொஞ்சம் கிட்ட வாங்க லா. பிரேம்ல வரல."

பூரணம் நகர்ந்து வந்தாள். அவள் புடவை அவர் கையில் பட்டது. மல்லிகையும் விபூதியும் கலந்த வாசனை, அம்மாவிடம் இருந்த அதே வாசனை. அவர் தலையைத் திருப்பவில்லை. ஃபிளாஷ் அடித்தது. "ஒன் மோர்" என்றான் பையன். மறுபடியும் அடித்தது. பிறகு பூரணம் விலகி, வந்தவர்களைக் கவனிக்க இறங்கிப் போனாள்.

பந்தியில் அவருக்கு இலை போட்டது அவள்தான். பச்சடி, கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு என்று ஒவ்வொன்றாக வைத்தாள். மற்றவர்களிடம் கேட்டதுபோலவே அவரிடமும் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் சாதம் போடவா?"

"போதும்மா."

அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அவர் சாப்பிட்டு எழுந்து, கை கழுவி, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அந்த வருஷத் தீபாவளிக்கு ரமணியும் மாப்பிள்ளையும் சுங்கை வே ஃபிளாட்டுக்கு வந்தார்கள். பூரணமும் வந்தாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, அவர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தாள். அடுப்பு மேலே கரி பிடித்திருப்பதைப் பார்த்துத் துணியை எடுத்துத் துடைத்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "நேரமாச்சு ரமணி" என்று எழுந்தாள்.